கோபுரக் கதவும் தச்சர் கடனும்

(திருவண்ணாமலையில் தச்சுத் தொழிலாளரும் கிராமச் சங்க அங்கத்தினரும் கூடிய கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



கூட்டுறவு இலாகாவைச் சேர்ந்தவன் ஒருவன் பேச எழுந்தால் தவணை, வட்டி, பாக்கி என்னும் மூன்று சொற்களைத் தவிர வேறொன்றும் அவன் வாயிலிருந்து வராது என்று சிலர் எண்ணக்கூடும். அச்சொற்கள் பின்னால் வரத்தான் போகின்றன. அதற்கு முன் கதவைப் பற்றிச் சிறிது பேச அனுமதி வேண்டுகிறேன். நான் தச்சன் அல்லன்; மெட்ரிகுலேஷன் வரையில் படித்துக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். எனினும் கதவு ஒன்றினால் நான் பட்ட அவமானம் என்னை இத்தொழிலின் பக்கம் திருப்பிற்று. அதனையும் மறைக்காமல் கூறுவேன்.

இவ்வூருக்கு வரும் யாத்திரிகர் கிழக்கு ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் பதினொரு நிலைகளை எண்ணுகின்றனர். கிருஷ்ணதேவராயரால் தொடங்கப்பெற்றுத் தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிவுற்றது என்றும், 217 அடி உயரம் என்றும் வழிகாட்டுவோர் கூறுகின்றனர். அண்ணாந்த கண் கீழே இறங்குவதற்குள் கூட்டம் அவர்களை உள்ளே தள்ளிவிடுகிறது. கோபுர வாயில்களின் கதவுகள் பகலெல்லாம் இடைகழியின் பக்கச் சுவரோடு ஒட்டி நிற்பதால், ஆயிரம் பேர் கடந்து சென்றாலும் அவற்றைப் பார்த்தவர் பத்துப்பேர்கூட இரார். கல்லுக்குக் கிடைத்த புகழ் மரத்துக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் 1753-ஆம் ஆண்டிற்கும் 1790-ஆம் ஆண்டிற்கும் இடையில் இக்கோயிலைக் கோட்டையாகக் கொண்டு பல படைகள் மாறி மாறி முற்றுகையிட்டபோது, மதிலுக்குள் இருந்தோரின் உயிர் கல்லை மட்டுமன்றி வாயிலில் நின்ற மரத்தையும் நம்பியிருந்தது. மதிலில் பலவீனமான இடம் எப்போதும் வாசல்தானே!

கதவைச் சாமானியப் பொருளாக நம் முன்னோர் கருதவில்லை. திருமறைக்காட்டில் அடைபட்டுக் கிடந்த கதவு அப்பர் பாடத் திறந்தது என்றும், சம்பந்தர் பாட அடைத்தது என்றும் சைவர்கள் போற்றுகின்றனர். சிற்ப நூலாகிய மயமதம் வாயில்களுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறது. இவை நிற்க, தொழிலின் உள்ளே புகுவோம்.

மரம் இறந்த பின்னும் அசைகிறது. கதவுத் தொழிலின் சங்கடம் எல்லாம் இதில் அடங்கும். புதிதாக வெட்டிய மரத்தில் அதன் உலர்ந்த எடையில் பாதிக்கு மேற்பட்ட நீர் இருப்பது சாதாரணம். அந்நீர் வற்ற வற்ற மரம் சுருங்குகிறது. நெடுக்கில் அது சுருங்குவது கணக்கில் எடுக்கத் தக்கதன்று, அகலத்தில்தான் சுருங்குகிறது. குறைவாகச் சுருங்கும் மரம் என்று பெயர் பெற்ற தேக்கிலேயே, ஓரடி அகலமுள்ள பச்சைப் பலகை உலர்ந்து முடியும்போது கால் அங்குலத்திற்கு மேல் குறைந்துவிடக்கூடும். ஐந்து பலகை சேர்த்த கதவில் ஒன்றேகால் அங்குலம் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடும் நிற்பதில்லை. நன்றாக உலர்ந்த மரமும் ஐப்பசி மழையில் சிறிது பருத்து, சித்திரை வெயிலில் சிறிது இளைக்கும். மரம் உள்ளளவும் இந்த மூச்சு ஓய்வதில்லை.

இதனை உணர்ந்த பழைய தச்சர் மரத்தோடு மல்லுக்கு நிற்கவில்லை. அது அசைவதற்கு இடம் கொடுத்துக் கதவு செய்தனர். பெரிய கோயிற் கதவை அருகில் சென்று பார்த்தால் நெடுஞ்சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்து பல சிறு கட்டங்களாக அது பிரிந்திருப்பதைக் காணலாம். கட்டத்துக்கு ஒரு குமிழோ, பூவோ, மணியோ இருக்கும். அலங்காரத்துக்காகச் செய்தது என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். சட்டத்தின் உட்புறத்தில் காடி எடுத்து, அக்காடிக்குள் பலகையைச் செருகிவிட்டு, ஆணியும் அடிக்காமல் பசையும் வையாமல் விட்டுவிடுவது இதன் இரகசியம். பலகை சிறிதாகையால் சுருக்கமும் சிறிது. அச்சுருக்கமும் காடிக்குள்ளேயே நிகழ்வதால் வெளியே வெடிப்புத் தெரிவதில்லை. பருத்தாலும் சட்டத்தைப் பிளப்பதில்லை. நெடுக்கில் சுருங்காத சட்டங்கள் கதவின் அளவைக் காக்கின்றன. அகலத்தில் சுருங்கும் பலகைகள் அவற்றின் நடுவே தம் இஷ்டப்படி மூச்சு விடுகின்றன. சட்டத்தோடு சட்டம் சேருமிடத்தில் ஒன்றின் நுனியைக் கழுந்தாகச் செதுக்கி, மற்றதன் துளையில் செருகி, மூங்கிலாலோ வைரமரத்தாலோ ஆன ஆணியை அடித்து இறுக்குவர். இரும்பாணி ஈரத்தில் துருவேறித் துளையை அரித்துப் பெரிதாக்கும்; மர ஆணி மரத்தோடு சேர்ந்து பருத்துச் சேர்ந்து இளைக்கும்.

அடுத்தது கதவு திரும்பும் இடம். இக்காலத்து வீட்டுக் கதவு கீலில் தொங்குகிறது. அதன் பாரமெல்லாம் நாலைந்து திருகாணிகளின் மேல் விழுகின்றது. கோபுரக் கதவை அவ்வாறு தொங்கவிட்டால் நிலையோடு பெயர்ந்து வந்துவிடும். ஆகையால் அதன் பக்கச் சட்டத்தை மிகவும் தடித்ததாக எடுத்து, மேலும் கீழும் குடுமி விட்டு, கீழ்க் குடுமியைக் கல்லிலுள்ள குழியிலும் மேற்குடுமியை மேற்கல்லின் துளையிலும் நிறுத்தினர். பாரம் நேரே கல்லில் இறங்குகிறது; மேற்குடுமி கதவு சாயாமல் பிடித்துக்கொள்ளுகிறது. கதவு போன பிறகும் அநேகக் கோயில்களிலும் கோட்டைகளிலும் அக்குழிகள் மட்டும் மிஞ்சியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செஞ்சிக் கோட்டைக்குச் செல்வோர் வாயிற் கற்களின் மேலும் கீழும் ஒருமுறை நோக்குவார்களானால், இல்லாத கதவு எவ்வளவு பெரிதென்று ஊகிக்கலாம்.

குடுமி தேய்ந்தால் கதவு உட்காரும். உட்கார்ந்த கதவு தரையில் இழுபடும். இதற்கும் ஒரு யுக்தி செய்து வைத்தனர். பெரிய கதவின் உள்ளேயே ஓர் ஆள் குனிந்து புகத்தக்க திட்டிவாசல் அமைத்தனர். இரவில் ஓரிருவர் போகவர அது போதும். பெருங்கதவு நாளொன்றுக்கு இரண்டொரு முறைக்கு மேல் அசைய வேண்டுவதில்லை. காவலுக்கும் அதுவே வசதி. எவ்வளவு பெரிய வீரனும் திட்டிவாசலில் தலை குனிந்துதானே நுழைய வேண்டும்!

மரத்தின் தேர்வைப் பற்றி இங்குள்ள ஆசாரிமாருக்கு நான் சொல்லுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும். தேக்கு, வேங்கை, வேம்பு, பூவரசு இவற்றின் குணங்கள் உங்களுக்குத் தெரியும். மரம் வாங்கிக் கொடுக்கும் நிலையிலுள்ள சங்க அங்கத்தினருக்காக ஒன்று மட்டும் சொல்லுகிறேன். மரத்தின் பெயரைவிட அதன் வைரத்தைப் பாருங்கள். நடுவிலுள்ள வைரமே பூச்சிக்கும் செல்லுக்கும் எதிர்த்து நிற்பது. வெளிப்புறத்து வெள்ளைமரம் தேக்காயினும் உளுத்துப்போகும். இப்போது கடைகளில் தேக்கென்று கிடைப்பதில் பெரும்பகுதி, சில ஆண்டுகளே வளர்ந்த தோட்டத் தேக்கு. அதில் வெள்ளை மிகுதி. காடுகளில் மரம் வெட்டுவதற்கு 1996-ஆம் ஆண்டு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு கடுமையான கட்டுப்பாடு விதித்தது. 2014-ஆம் ஆண்டில் பர்மா தேசத்தார் முழுமரம் ஏற்றுமதியை நிறுத்தினர். இரண்டும் காடுகளுக்கு நன்மையே. ஆனால் வைர மரம் அருமையாகிவிட்டதால், கிடைக்கும் மரத்தைக் கெடுக்காமல் பயன்படுத்துவது முன்னிலும் அவசியமாயிற்று.

மரம் பொய் சொல்லாது என்பதற்கு ஒரு சரித்திர உதாரணம் உண்டு. 1842-ஆம் ஆண்டில் கவர்னர் ஜெனரல் எல்லன்பரோ பிரபு, கஜினி முகமது சோமநாதத்திலிருந்து எடுத்துச் சென்ற சந்தனக் கதவுகள் என்று நம்பி, கஜினியிலுள்ள அவன் சமாதியிலிருந்து இரண்டு கதவுகளைப் பெயர்த்து இந்தியாவுக்கு வரவழைத்தார். பெரிய விளம்பரமும் செய்தார். பரிசோதித்தபோது மரம் சந்தனமன்று, தேவதாரு என்று தெரிந்தது. வேலைப்பாடும் கூர்ஜர நாட்டுடையதன்று. அக்கதவுகள் சோமநாதம் போய்ச் சேராமல் ஆக்ராக் கோட்டையில் தங்கிவிட்டன. கூட்டத்தில் ஓர் ஆசாரி இருந்து முகர்ந்து பார்த்திருந்தால் அவ்வளவு தூரம் சுமந்த செலவு மிஞ்சியிருக்கும்.

ஒழுங்காகச் செய்த மரவேலை எத்தனை காலம் இருக்கும் என்று கேட்பவர்களுக்கு வெளிநாட்டுச் சான்றுகளும் உள. ரோமாபுரியில் சாந்த சபீனா என்னும் கிறிஸ்தவ ஆலயத்தின் சைப்பிரஸ் மரக்கதவு ஐந்தாம் நூற்றாண்டில் செய்யப்பட்டது. இன்றும் அங்கேயே நிற்கிறது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலுள்ள ஓக் மரக்கதவு ஒன்றின் வளையங்களை எண்ணிப் பார்த்து, அது 1050-ஐ ஒட்டிய ஆண்டுகளைச் சேர்ந்தது என்று கண்டிருக்கின்றனர். நம் தேக்கும் சளைத்ததன்று. திரிகோணமலையின் பெயரைத் தாங்கிய ஒரு போர்க்கப்பல் 1817-இல் பம்பாயில் தேக்கினால் கட்டப்பட்டு, இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்னும் ஊரில் மிதந்துகொண்டிருக்கிறது.

இனி என் அவமானத்தைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் மேற்பார்வையிட்டு வந்த ஒரு கிராமச் சங்கத்துக்கு மணிலாக்கொட்டை மூட்டைகள் வைக்கக் கிடங்கு கட்டினோம். வண்டி உள்ளே புகத்தக்கதாகப் பத்தடி அகல வாசல். அதற்கு இரட்டைக் கதவு. ஒதுக்கிய தொகையை மார்ச்சு 31-ஆம் தேதிக்குள் செலவழித்துக் கணக்குக் காட்டவேண்டும். வேலையை எடுத்துக்கொண்ட முதிய தச்சர் மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது பச்சை. ஆவணி வரைக்கும் நிழலில் அடுக்கி வைத்தால் சொன்னபடி கேட்கும். இப்போது செய்தால் அது சொன்னபடி நாம் கேட்க வேண்டியதுதான்" என்றார். "ஆசாரியாரே, ஆவணி வரைக்கும் என் கணக்குப் புத்தகம் காத்திராது" என்று நான் பதில் சொன்னேன். அகலப் பலகைகளை ஒன்றோடொன்று நெருக்கிக் குறுக்குச் சட்டங்களில் இரும்பாணி அடித்து முடித்துவிட்டோம். மூலைச்சட்டம் வைக்கவேண்டும் என்று அவர் சொன்னதையும் மரம் மிச்சமாகட்டும் என்று நான் தடுத்துவிட்டேன். மார்ச்சு 28-ஆம் தேதி பட்டுவாடா ஆயிற்று. மேலதிகாரி மெச்சினார்.

வைகாசிக்குள் பலகைகளுக்கிடையே விரல் நுழையும் இடைவெளி விழுந்தது. ஆணி அடித்த இடங்களில் பலகைகள் நெடுக வெடித்தன. மூலைச்சட்டம் இல்லாமையால் கதவின் வெளிநுனி தாழ்ந்து தரையைக் கீறிற்று. ஒருவர் தூக்கிப் பிடிக்க மற்றொருவர் தள்ளித்தான் சாத்த முடிந்தது. ஐப்பசியில் ஓர் இரவு காற்றோடு கூடிய மழை. பருத்துப்போன கதவு முழுவதும் சாத்தப்படாமல் சாணளவு திறந்தே நின்றுவிட்டது. காலையில் வாசலருகே இருந்த மூட்டைகள் நனைந்து கிடந்தன. நனைந்த மணிலாக்கொட்டை பூசணம் பிடித்தால் என்ன விலை போகும் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மூட்டைகளில் சில ஒரு விதவைத் தாயாருடையவை. மகளின் கல்யாணத்துக்காக விலை ஏறும்வரை வைத்திருந்தார். சங்கம் நஷ்டத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தது. முழுவதையும் கொடுக்க விதியில் இடமில்லை. அந்த அம்மாள் என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

அதே முதியவரைத்தான் மீண்டும் அழைத்தேன். அவர் கதவைப் பிரித்து, இதற்குள் நன்றாக உலர்ந்துவிட்ட அதே மரத்தைச் சிறு அகலப் பலகைகளாக அறுத்து, சட்டத்தில் காடி எடுத்துச் செருகினார். கீல் பக்கத்துக் கீழ்மூலையிலிருந்து வெளிப்பக்கத்து மேல்மூலைக்கு மூலைச்சட்டம் கொடுத்தார். தாழ விரும்பும் நுனியை அச்சட்டம் முட்டுக்கொடுத்துத் தாங்கும் என்று விளக்கினார். பலகைகளின் வெட்டுமுனைகளில் எண்ணெயை இரண்டு மூன்று முறை ஊற விட்டார். மரம் நீர் குடிக்கும் வாய் அதுவே என்றார். அக்கதவு இன்றுவரை ஒரு விரலால் தள்ளத் திரும்புகிறது. குற்றம் மரத்திலும் இல்லை, தச்சரிடத்திலும் இல்லை. காத்திருக்க மாட்டேன் என்றவன் நான்.

பிற்பாடு அவரிடம், "இவ்வளவு தெரிந்த நீங்கள் முதலில் ஏன் செய்யமாட்டேன் என்று மறுக்கவில்லை?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "மறுத்தால் அந்த வாரம் வீட்டில் அடுப்பு எரியாது, ஐயா. மரக்கடைக்கு வேறு பாக்கி" என்றார். இத்தனை நேரம் நான் பேசி வந்தது இந்த ஒரு பதிலுக்காகத்தான்.

காத்திருப்பதற்குப் பணம் வேண்டும். பர்மாவில் தேக்கை வெட்டுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பே அடியில் வளையமாகப் பட்டையையும் வெள்ளையையும் சீவி, நின்ற நிலையிலேயே உலரவிட்டனர். அப்போதுதான் அது ஆற்றில் மிதக்கும். அவ்வளவு காலம் பொறுத்திருக்கப் பெரிய கம்பெனிகளால் முடிந்தது. நம் ஊர்த் தச்சரும் தம்மாலியன்ற முறைகளைக் கையாண்டனர். வேம்பைக் குளத்தில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, பூச்சி விரும்பும் சத்தை வெளியேற்றிப் பின் உலர்த்தினர். அறுத்த பலகைகளின் முனைகளில் சாணமும் களிமண்ணும் குழைத்துப் பூசி, முனை மட்டும் விரைந்து உலர்ந்து வெடிக்காமல் காத்தனர். பலகைக்கும் பலகைக்கும் நடுவே குச்சி வைத்து நிழலில் அடுக்கிக் காற்றோட்டம் கொடுத்தனர். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. அறிவில் ஒரு குறையுமில்லை. மரத்தை அடுக்கி வைத்து ஆண்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கத் தச்சனுக்கு வகையில்லை என்பதே குறை.

கணக்கு என் தொழிலாகையால் ஓர் உதாரணக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒருவர் 60,000 ரூபாய்க்கு மரம் வாங்கி ஒன்றரை ஆண்டு உலர்த்துவதாக வைத்துக்கொள்வோம். பணத்தை மாதம் நூற்றுக்கு 3 ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்கினால், 18 மாதத்தில் வட்டி மட்டும் 32,400 ரூபாய். அதே தொகை ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வீதம் சங்கத்திலிருந்து கிடைத்தால் வட்டி 10,800. வித்தியாசம் 21,600 ரூபாய். இந்த வித்தியாசத்தைத் தாங்கமுடியாத தச்சன் பச்சை மரத்தில் கதவு செய்கிறான், கதவு வெடிக்கிறது, "இக்காலத்து ஆசாரிக்குத் தொழில் தெரியாது" என்று ஊரார் இரும்புக் கதவு வாங்கப் போகின்றனர். வட்டி செய்த குற்றம் உளியின் தலையில் விழுகிறது.

இந்நாட்டில் 1904-ஆம் ஆண்டுச் சட்டம் கடன் சங்கங்களை மட்டுமே மனத்திற்கொண்டு இயற்றப்பட்டது. கடன் கொடுத்தால் மட்டும் போதாது, சரக்கு வாங்கவும் விற்கவும் தொழில் செய்யவும் சங்கங்கள் வேண்டும் என்பதை உணர்ந்து 1912-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கும் இடம் தந்தது. நூறு ஆண்டுக்கு மேலாயிற்று. நெசவாளர் அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொண்டனர், பால்காரர் பயன்படுத்திக்கொண்டனர். தச்சர் மட்டும் தனித்தனியே கடைவாசலில் நின்று, நாளைய வேலைக்கு இன்று மரம் வாங்குகின்றனர். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இலும், பெரம்பலூர்ப் பக்கத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. மாமல்லபுரத்தில் 1957 முதல் சிற்பக் கல்லூரி நடைபெறுகிறது. பெயரும் படிப்பும் கிடைத்துவிட்டன; உலர்ந்த மரம் கிடைக்க வழி செய்ய வேண்டியது பாக்கி.

ஆகவே என் யோசனை இது. நீங்கள் சங்கமாகச் சேர்ந்து, ஆண்டுக்கொரு முறை மொத்தமாக மரம் வாங்குங்கள். வாங்குவதற்கு இரண்டு மூத்த ஆசாரிமார் போகட்டும். என்னைப்போன்ற உத்தியோகஸ்தர் உடன் போகலாமே ஒழிய மரத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஓடு வேய்ந்த திறந்த கொட்டகை ஒன்று போதும். பலகையின் முனையில் அறுத்த மாதத்தையும் வருஷத்தையும் வண்ணத்தால் எழுதிவிட வேண்டும். அந்தத் தேதியிலிருந்து உரிய காலம் ஆகாத பலகையை அங்கத்தினர் யாருக்கும், தலைவர் கேட்டாலும், வெளியே விடக்கூடாது என்று உபவிதியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு கஷ்டம்தான். கொட்டகையில் மரம் இருக்கும், எடுக்க முடியாது. அந்த ஓராண்டுக்கு அங்கத்தினர் வழக்கம்போல் வெளியில் வாங்கித்தான் தீரவேண்டும். இரண்டாம் ஆண்டிலிருந்து ஒரு கை உலர்ந்த மரத்தை எடுக்க, மறு கை புது மரத்தை அடுக்கிக்கொண்டு போகும்.

கிடங்கும் பள்ளியும் கோயிலும் கட்டும் கிராமச் சங்கத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். கதவுக்கான முன்பணத்தைக் கட்டிடம் அஸ்திவாரம் போடும் நாளிலேயே தச்சருக்குக் கொடுத்துவிடுங்கள். சுவர் எழும்பிக் கூரை மூடும் வரையில் மரம் உலர்ந்துகொண்டிருக்கும். கடைசி மாதத்தில் கதவை நினைத்துக்கொள்ளும் வழக்கத்தை, மார்ச்சு மாதத்துக் கணக்கர்களாகிய எங்களிடமிருந்து நீங்கள் கற்றுக்கொண்டது போதும்.

சென்ற வாரம் ஓர் அன்பர், "கொட்டகையில் கிடக்கும் மரத்தைச் செல் அரித்தால் யார் பொறுப்பு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அடுக்கைத் தரையில் வைக்காமல் முழங்கால் உயரக் கல்தூண்களின் மேல் வைத்து, தூண்களைச் சுற்றி மாதம் ஒருமுறை செல்மண் ஏறியிருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யும் வேலையைச் சம்பளத்தோடு ஒருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். அப்பதிவேட்டை நான் வரும்போதெல்லாம் முதலில் கேட்பேன். அங்கத்தினராகச் சேர விரும்புவோருக்கான விண்ணப்பத் தாள்கள் மேஜையின் மேல் இருக்கின்றன. கையெழுத்துப் போடுமுன் உபவிதியின் நகலைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். மரம் வெளிவிடும் காலத்தை எத்தனை மாதமென்று குறிப்பிடுவது என்பதற்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அதை நிரப்ப வேண்டியவர்கள் நீங்கள்.